சந்தைக்கே தாள் போட்ட வெள்ளிக்கிழமை

பயந்தாங்கொள்ளிகள் கையில் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், தங்கள் பயத்தை மறைக்க அவர்கள் ஊருக்கெல்லாம் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். யாரையோ குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். என்னைத்தான் சொல்கிறேன்.

எனக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்பதைவிட எதற்குப் பயமில்லை என்று கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் வந்து புகுந்தால், சண்டைக்குப் பயந்து “பரவால்ல, போங்க” என்று நானே இடம் விடுவேன். போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்துவிட்டது என்று சத்தம் போட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். (ஒரு தடவை அல்ல.) இப்படிப்பட்ட என்னை, இருபத்து நாலு வயதில், செஞ்சி ஊருக்கு வாகன நிறுத்த மேற்பார்வையாளராகப் போட்டார்கள்.

வேலையைக் கொடுத்தவர் பாஸ்கர் சார். ஊரில் வண்டிகள் கண்ட இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்டை எடுத்திருந்தார். தெருத்தெருவாக நடந்து, தப்பாக நிற்கும் வண்டிக்கு முதலில் எச்சரிக்கை நோட்டீஸ் வைக்க வேண்டும். அதற்கும் மசியாதவர்களுக்குச் சக்கரத்தில் மஞ்சள் நிற இரும்பு லாக் போட வேண்டும். அதற்கு மூன்று பேர். அந்த மூன்று பேரை மேய்க்க நான். எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன் என்றதும், ரிப்போர்ட்டாவது ஒழுங்காக எழுதுவாள் என்று சேர்த்துக்கொண்டார். அவலூர்பேட்டையில் எங்கள் வீட்டில் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசினார். கோழி விரட்டவே பயப்படுகிறவள் லாரியை எப்படி விரட்டுவாள் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

என் கீழே இருந்த மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவர் தணிகாசலம் ஐயா, ஐம்பத்தெட்டு வயது. அரிசி மில்லில் வாட்ச்மேனாக இருந்தவர். மில் மூடியபிறகு ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்ததில் அவர் மனைவி அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாராம். இந்த வேலை கிடைத்த அன்றுதான் மறுபடி பேச்சுவார்த்தை ஆரம்பம். இரண்டாவது மும்தாஜ் அக்கா. ஒற்றை ஆளாக மகனை பாலிடெக்னிக்கில் படிக்கவைப்பவர், பேச்சு குறைவு, பார்வை அதிகம். மூன்றாவது ஏழுமலை. என் வயதுதான், என்னைப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிற மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வான்.

மூன்று பேரையும் பார்த்தாலே எனக்குப் பயம். ஐயாவுக்கு நான் மகள் வயது. நான் உத்தரவு போட்டால் கேட்பார்களா? கேட்காவிட்டால் நான் என்ன செய்வேன்? அழுவேன், வேறென்ன. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். முதல் நாளே மூன்று பேரையும் பெஞ்சில் உட்காரவைத்துத் தமிழ்ப் பாடம் நடத்தினேன்.

இனிமேல் வேலையில் ஆங்கிலம் கலக்கக் கூடாது என்று அறிவித்தேன். விசில் என்பது ‘ஊதல்’. நோட்டீஸ் என்பது ‘அறிவிப்புத்தாள்’, சுருக்கமாகத் தாள். வீல் லாக் என்பது ‘சக்கரத்தாழ்’, சுருக்கமாகத் தாழ். பூட்டு என்றே சொல்லியிருக்கலாம், அதுவும் நல்ல தமிழ்தான். ஆனால் கதவை அடைக்கும் தாழ் என்று பழைய இலக்கியத்தில் வருவதை இந்த ஊருக்கு யார் எடுத்துச் சொல்வது? (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

தணிகாசலம் ஐயா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ரெண்டும் தாளுதானே மேடம்?” என்று கேட்டார்.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது. எங்கள் பக்கத்தில் ழ, ள இரண்டும் ஒரே சத்தம்தான். வாழைப்பழம் எங்களுக்கு வாளப்பளம். சென்னையில் கல்லூரி ஹாஸ்டலில் முதல் வாரம் நான் அப்படிச் சொல்லப்போக, அறையில் ஆறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அவமானத்தில் இரண்டு வருஷம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நாக்கை மடித்து மடித்து ‘ழ’ பழகினேன். ஆகவே அன்று கரும்பலகையில் இரண்டு வார்த்தைகளையும் எழுதி, “நாக்கு மடங்குனா லாக்கு, மடங்கலைன்னா பேப்பர்” என்று சூத்திரமே சொல்லிக்கொடுத்தேன். ஏழுமலையை அவன் பெயரையே சரியாகச் சொல்லச் சொன்னேன். அவன் ‘ஏளுமல’ என்றான். இதே பெயரைச் சொல்லித்தான் அவன் அம்மா இருபத்து நாலு வருஷமாகச் சோறு போடுகிறாள், இனிமேல் மாற்றுவதாக இல்லை என்றும் சொன்னான். ஐயா மட்டும் சூத்திரத்தைப் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தமிழ்த்தொண்டு அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டு லாக்குகள், பன்னிரண்டு சாவிகள். எது எதற்கென்று தெரிய ஏ, பி, சி என்று பிளாஸ்டிக் வில்லை கட்டியிருந்தார்கள். சாவிகளில் இருந்த வில்லைகளைக் கத்தரித்துப் போட்டேன். தமிழ் எண்கள் எழுதிய அட்டைகளைக் கட்டுவதாக உத்தேசம். அட்டை வாங்கியாகிவிட்டது, கட்டத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அந்த வாரம் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. வியாபாரிகளிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: இந்த வாரம் நோட்டீஸ் மட்டும், லாக் கிடையாது. மீறி ஒரு வண்டிக்கு லாக் விழுந்தால் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் நேராக மேலே, அதிகாரிகளிடம், போவார்கள், கான்ட்ராக்ட் போய்விடும். “யார் கை வச்சாலும் அந்த ஆளு அன்னிக்கே வீட்டுக்குத்தான்” என்று முடித்தார். நான் பயத்தில் ஏழெட்டுத் தடவை தலையாட்டினேன். வெளியே வந்து என் ஆட்களிடம் பொறுப்பாகச் சொன்னேன்: “இந்த வாரம் தாள் மட்டும்தான்.” மூன்று பேரும் சரி என்றார்கள். என்ன சரி என்று நான் கேட்கவில்லை.

செஞ்சிச் சந்தையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விடியும் முன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடும். எதிரே ரோட்டின் இரண்டு பக்கமும் குட்டியானைகள் (ஆட்டை ஏற்றும் சின்ன வேன்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) தாறுமாறாக நிற்கும். வாங்கின ஆட்டை ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக்குள் ஆடு தாங்காது. அதனால் எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் கோபம், முக்கால்வாசிப் பேர் கையில் தடி.

அந்தக் கூட்டத்துக்குள் நான் இறங்குவேனா? எதிரே உரக்கடையின் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மேற்பார்வை என்றால் மேலிருந்து பார்ப்பதுதானே என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அங்கிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக உத்தரவு போட்டேன்: இன்று வெள்ளிக்கிழமை, எதிரே நிற்கிற எல்லா வண்டிக்கும் தாள் போட்டுடுங்கள், ஒன்றையும் விடாதீர்கள்.

அரை மணி நேரத்தில் கீழே வண்டிக்கு வண்டி மஞ்சள் நிறம் தெரிய ஆரம்பித்தது. எங்கள் நோட்டீஸும் மஞ்சள்தான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் சொன்னதைக் கேட்கிறார்கள்! அப்படியே படம் எடுத்து, ‘பணி சிறப்பாக நடைபெறுகிறது’ என்று எழுதி பாஸ்கர் சாருக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பார் என்றார். பார்த்தேன். நோட்டீஸ் கண்ணாடியில்தானே இருக்கும்? மஞ்சள் ஒன்றுகூடக் கண்ணாடியில் இல்லை. எல்லாம் சக்கரத்தில் இருந்தது.

அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? காதுக்குள் ‘ங்’ என்று ஒரு சத்தம். மாடியிலிருந்து அப்படியே பின்பக்கமாக இறங்கி, பஸ் ஏறி, அவலூர்பேட்டைக்குப் போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம் என்று மனப்பூர்வமாக நினைத்தேன். போகவிடாமல் தடுத்தது கடமை உணர்ச்சி இல்லை. லாக் அழுத்தினால் தானாக விழுந்துவிடும், திறக்கத்தான் சாவி வேண்டும். பன்னிரண்டு சாவியும் என் கைப்பையில் இருந்தன. நான் ஓடினால் துரத்திக்கொண்டு சந்தையே வரும்.

கீழே இறங்கினேன். கத்திக்கொண்டிருந்த கூட்டம் என்னைப் பார்த்ததும் அமைதியானது. கத்தலே தேவலாம் என்று இருந்தது. நடுவில் அனந்தபுரத்துக் காதர் பாய் நின்றார். வியாபாரிகள் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் குரலை உயர்த்தவில்லை. வண்டியில் இருபது உருப்படி ஆடு நிற்கிறது, வெயில் வந்துகொண்டிருக்கிறது, சாவி எங்கே என்று மட்டும் கேட்டார்.

பையைக் கவிழ்த்தேன். வில்லை இல்லாத பன்னிரண்டு சாவிகள், கூடவே எழுதாத பன்னிரண்டு அட்டைகள், ஒரு ஊதல்.

முதல் லாக்குக்கு ஒன்பது சாவி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சாவி சேராதபோதும் சுற்றியிருந்தவர்கள் சேர்ந்து ஒரு மூச்சு விட்டார்கள். அடுத்ததில் சாவி ஓட்டைக்குள்ளேயே போகவில்லை. மும்தாஜ் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை பயன்படாத நோட்டீஸ் கட்டை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு அதை உருவித் தின்றுகொண்டிருந்தது. அன்று செஞ்சியில் தாளைத் தாள் என்று புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

ஐந்தாவது லாக் திறந்தபோது பாஸ்கர் சார் பைக்கில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. யார் போடச் சொன்னது என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் பதில் சொல்ல யோசித்ததாகவாவது எழுத ஆசை. யோசிக்கவே இல்லை. “நான் தாள்னு தெளிவாத்தான் சார் சொன்னேன். இவங்கதான் தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க” என்றது என் வாய். பயந்தவர்களுக்கு வாய் மட்டும் எப்போதும் முந்திக்கொள்ளும்.

மும்தாஜ் அக்கா என் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

தணிகாசலம் ஐயா முன்னால் வந்தார். ஆபீஸுக்கு ஓடிப்போய்த் தள்ளுவண்டியில் லாக்கை ஏற்றி வந்தவர் அவர்தான், முதல் லாக் போட்டதும் அவர்தான். “மேடம் மேல தப்பு இல்ல சார்” என்றார். “மடங்குனா லாக்குன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. மூணு தபா போட்டுக் கேட்டேன். எனக்கு மடங்குன மாதிரிதான் கேட்டுச்சி. வயசாச்சி, காது சரியில்ல. இவங்க ரெண்டு பேரும் நான் சொல்லித்தான் போட்டாங்க. என்னோட போவட்டும்.”

சொல்லிவிட்டு, வேலைக்கென்று எங்களுக்குக் கொடுத்திருந்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

என் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள, நான் போனைக் காதோடு ஒட்டிவைத்து என் பதிவை மெதுவாகப் போட்டுக் கேட்டேன். “இன்னிக்கி வெழ்ழிக்கிழமை” என்று ஆரம்பித்தது என் குரல்.

வெழ்ழி!

ஹாஸ்டலில் என் அறைத்தோழி சொல்வாள்: பயம் வந்தால் உனக்கு ள எல்லாம் ழ ஆகிவிடுகிறது என்று. வாய்மொழித் தேர்வில் பள்ளியைப் ‘பழ்ழி’ என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட எழுத்து, பயத்தில் கூப்பிடாமலே எல்லா இடத்துக்கும் வந்துவிடும். பதிவில் அடுத்த வரி: “எல்லா வண்டிக்கும் தாழ் போட்டுடுங்க.” ஒரு தமிழாசிரியர் கேட்டால் கைதட்டுவார், அப்படி ஒரு சுத்தமான ழ. ஐயாவின் காதில் எந்தக் குறையும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஊரிலேயே ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே மனிதர் அவர், அதற்காகத்தான் வேலை போகிறது.

வேறு யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து நான் செய்ததை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன்.

ஐயா ஜாக்கெட்டைத் தூசி தட்டினார். இரண்டாக மடித்தார், அதன் கைகளை உள்பக்கம் தள்ளி நான்காக மடித்தார். மேலே ஊதலை வைத்தார். “இந்தாங்க சார், ஊதல்” என்றார். விசில் என்று சொல்லவில்லை. அந்த நேரத்திலும் ஊதல் என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தைரியம் வந்தது என்று நினைக்காதீர்கள். பயம் அப்படியேதான் இருந்தது, வெட்கம் அதைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஜிப்பைத் திறந்தேன், சத்தத்தை முழுதாகக் கூட்டினேன், போனைத் தூக்கிப் பிடித்தேன். வெழ்ழிக்கிழமையும் தாழும் ஆட்டுச் சந்தை முழுக்கக் கேட்டன.

“ஐயா சரியாத்தான் கேட்டிருக்காரு சார். நான்தான் தப்பா சொன்னேன். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஓவென்று அழுதுவிட்டேன்.

பாஸ்கர் சாருக்குப் புரியவில்லை. ஐயா பாக்கெட் நோட்டை எடுத்துச் சூத்திரத்தைக் காட்டி விளக்கினார். காதர் பாய் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம் தன் ஆட்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “இந்த எளுத்துலதாண்டா நானும் பெயிலானேன். எம்.ஏ. படிச்சதே பெயிலாவுதாமே.”

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். “எங்கே, வாளப்பளம் சொல்லும்மா” என்று ஒருவர் கேட்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அது தப்பாகவும் இல்லாமல் சரியாகவும் இல்லாமல் நடுவில் எங்கேயோ வந்தது. மீதி ஏழு லாக்கையும் வியாபாரிகளே ஆளுக்கொரு சாவி எடுத்துத் திறந்துவிட்டார்கள். ஆடுகள் வெயிலுக்கு முன்னால் கிளம்பின. போகும்போது காதர் பாய், அந்த மூன்று பேரின் வேலைக்கு ஒன்றும் வரக் கூடாது, வந்தால்தான் மேலே போவோம் என்று பாஸ்கர் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் என் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்து வேலையை விட்டேன். (மடிக்காமல்தான். அந்த அளவு நிதானம் எனக்கு ஏது?) தணிகாசலம் ஐயாவை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். அவர் போட்ட முதல் உத்தரவு, லாக்கை லாக்கு என்றும் நோட்டீஸைச் சீட்டு என்றும் சொல்ல வேண்டும் என்பது. அதற்குப் பிறகு செஞ்சியில் ஒரு குழப்பமும் இல்லை என்று மும்தாஜ் அக்கா சொன்னார்.

நான் இப்போது ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு வந்த ஏழுமலை முழுக் கதையையும் நடிப்போடு என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ராத்திரி “கதவைத் தாழ் போட்டாச்சா?” என்று நான் கேட்டால், என் கணவர் பழைய நியூஸ் பேப்பரில் ஒரு தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்து படுக்கிறார். நைனா எங்கள் வீட்டில் தங்கும் நாட்களில் அவரே எழுந்துபோய்ச் செருகுகிறார்.

சமீபத்தில் தணிகாசலம் ஐயா போன் செய்தார். மகளுக்குப் பெண் குழந்தை, பேர் வைக்கிற விசேஷம், கட்டாயம் வர வேண்டும். போனோம். சொந்தக்காரர்களிடம், “இவங்கதான் தாளு மேடம்” என்று அறிமுகப்படுத்தினார். யாரும் எந்தத் தாள் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழந்தை காதில் பேரைச் சொல்லப் போகும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. சந்தையில் அத்தனை தடிகளுக்கு நடுவில் வேர்க்காத மனிதர்.

“அந்த எளுத்து வர்ற பேராத்தான் வெக்கணும்னு நான்தான் சொன்னேன் மேடம். இப்ப பயமா இருக்குது. காதுல மூணு தபா சொல்லணும், தப்பா சொல்லிட்டா கொளந்தைக்கு அதுதானே நிக்கும்? ஒரு தபா சொல்றேன், கேட்டுப் பாருங்க.”

நாக்கை மடிக்கப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, “யாளினி” என்றார்.

“சரியா இருக்குதுங்க ஐயா” என்றேன்.

அவர் போய்க் குனிந்து மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் யாளினிதான். பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பயத்தால் இல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.